நாலாவது ஆமை

சென்ற கிழமை சிவக்கொழுந்தை அலுமாரிக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவள் கையில் மகள் தவமலரின் தமிழ்க் கொப்பி இருந்தது. 'நான் மிகவும் விரும்பும் ஒருவர்' என்ற தலைப்பில் நாலாம் வகுப்புத் தவமலர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கமும் மாமி. மாமியின் சைக்கிள், மாமியின் மூக்குக் கண்ணாடி, மாமி வளர்க்கும் மூன்று ஆமைகள். அம்மா ஒரேயொரு வரியில்தான் வந்தாள். 'அம்மாவுக்கு ஆமைகள் பிடிக்காது.' அதற்குக் கீழே வாத்தியார் சிவப்பு மையால் 'மிக நன்று' என்று போட்டிருந்தார்.

அந்த 'மிக நன்று'தான் அவளைச் சுட்டது. எழுதிய பிள்ளையைக்கூட மன்னிக்கலாம் போலிருந்தது, வாத்தியாரை மன்னிக்க முடியவில்லை.

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாமி என்பது மீனாம்பிகை. சிவக்கொழுந்தின் கணவர் தில்லைநாதனுக்கு ஒரே தங்கை. முப்பது வயதாகியும் கல்யாணம் கூடிவராத விஞ்ஞான ரீச்சர். இந்த அறுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் கோப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகி, ஒரு றங்குப் பெட்டியோடும் மூன்று ஆமைகளோடும் அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள். அண்ணன் வீடு என்பது வெளியாருக்குச் சொல்லும் பேச்சு. வீடும் கிணறும் பின்வளவும் சிவக்கொழுந்தின் சீதனம். தன் வீட்டில், தன் கிணற்றடியில், தன் பிள்ளையை இன்னொருத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவதை மூன்று மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மலர் முன்பெல்லாம் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள். யாராவது பெயர் கேட்டால் தாய்க்குப் பின்னால் ஒளிவாள். இப்போது விடிந்ததும் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் பின்வளவுக்கு ஓடுகிறாள். போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து ஆமை வளர்க்கும் விதம் சொல்கிறாள். பிள்ளைக்கு வாய் திறந்துவிட்டது என்று ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. தாய்க்கு மட்டும் அந்தச் சந்தோஷம் தொண்டைக்குள் இறங்கவில்லை. திறந்தது தன்னாலல்ல என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

மூன்று ஆமைக்கும் மூன்று விதமான உபசாரம். கறுப்பன் என்ற கறுத்த ஆமை நம்மூர்க் கிணறுகளில் விடுகிற சாதி. அதற்குத் தொட்டி நிறைய நல்ல தண்ணீர் வேண்டும், ஏறி வெயில் காய ஒரு செங்கல்லும் வேண்டும். இரண்டாவது பாலாமை. அது சேற்றுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே அதன் தொட்டிக்கு அடியில் குளத்துச் சேறு, சாப்பாட்டுக்கு மண்புழுவும் மீன் குடலும். மூன்றாவது முதுகில் நட்சத்திரம் போட்ட தரை ஆமை. மலர் அதற்குப் பூமணி என்று பெயர் வைத்திருந்தாள். பூமணிக்கு ஈரம் ஆகாது. காய்ந்த வைக்கோல் மெத்தை, கீரை, வெள்ளரித் துண்டு.

இவ்வளவும் சிவக்கொழுந்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், குசினி யன்னல் பின்வளவைப் பார்த்த யன்னல். மாமியும் மருமகளும் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். விழாவிட்டால் யன்னலுக்குக் கிட்டப்போய் நிற்பாள்.

"ஒண்டுக்கு நல்லது மற்றதுக்கு நஞ்சு, மலர். மூண்டும் ஆமை எண்டு நினைச்சு ஒரே மாதிரிப் பாக்கக்கூடாது" என்று மீனாம்பிகை ஒருநாள் சொன்னாள். அந்த நேரம் சிவக்கொழுந்து அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டிய ஒரு வசனம் கேட்காமல் போய்விட்டது.

கொப்பியைப் பார்த்த மறுநாள் புதன்கிழமை. குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் மக்டலீன் படலையடியில் கடகத்தை இறக்கினாள். சூடை மீனுக்கு மேலே ஈரச் சாக்குத் துண்டில் ஏதோ அசைந்தது.

"இதென்ன மக்டலீன்?"

"ஆமைக்குஞ்சு பிள்ளை. என்ரை மகன் பேதுருவின்ரை வலையிலை வந்தது. பேரப்பிள்ளையளுக்குக் காட்டிப்போட்டுத் திருப்பி விடுவமெண்டு வைச்சிருக்கிறன்."

ஒரு தேத்தண்ணிப் பீரிஸ் அளவு இருக்கும். முதுகு எண்ணெய் பூசினதுபோல் மினுங்கிற்று. மூன்று ஆமையில் ஒன்றைக்கூட இதன் பக்கத்தில் வைக்க முடியாது.

"எனக்குத் தாரும்."

"உங்களுக்கென்னத்துக்கு? ரீச்சற்றை ஆமையள் காணாதோ?"

குருநகர் வரைக்கும் ரீச்சரின் ஆமைகள் போய்விட்டன. சிவக்கொழுந்து உள்ளே போய் ஒரு பழைய சேலையும் ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியும் எடுத்துவந்து கொடுத்து ஆமையை வாங்கிக்கொண்டாள். எப்படி வளர்ப்பது என்று மக்டலீன் சொல்லவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. சிவக்கொழுந்தும் கேட்கவில்லை. கோப்பாயில் ஆமை என்றால் கிணற்றில் கிடப்பது. அதற்குமேல் அவள் என்னத்தைக் கேட்பாள்?

வருகிற சனிக்கிழமை மலருக்குப் பிறந்தநாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேசினோடு கொண்டுவந்து பிள்ளையின் முன்னால் வைக்கவேண்டும். மாமியிடம் இல்லாத ஆமை. மாமி கண்ணால்கூடக் காணாத ஆமை. அடுத்த கட்டுரை யாரைப் பற்றி வருகிறது என்று பார்ப்போம்.

நெல் மூட்டை வைக்கும் சின்ன அறையில் பெரிய அலுமினியப் பேசினை வைத்து, கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். பாலாமைக்குச் செய்ததுபோல் அடியில் சேறு போட்டாள். கறுப்பனுக்கு வைத்ததுபோல் செங்கல் வைத்தாள். பூமணிக்குக் கொடுப்பதுபோல் கீரை கிள்ளிப் போட்டு, போதாதென்று ஒரு பிடி சோறும் போட்டாள். மூன்று ஆமைக்கும் செய்வதை ஒன்றாகச் சேர்த்து இதற்குச் செய்தால் இது மற்ற மூன்றையும்விடச் செழிப்பாக வளரும் என்பது அவளுடைய எண்ணம். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. ஆமை கீரையைத் தொடவில்லை. புது இடம், பழக வேண்டாமா என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிய, லீவு போட்டிருந்த தில்லைநாதன் மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, அர்ச்சனை செய்வதற்கு நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவர்கள் தலை மறைந்ததும் சிவக்கொழுந்து அறையைத் திறந்தாள்.

ஆமை ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தது. தலை தண்ணீருக்குள் தொங்கிற்று. கண் மூடியிருந்தது. விரலால் தொட்டாள். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு கை இலேசாக அசைந்து நின்றது.

அவள் நெல் மூட்டையில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் பிள்ளையின் முன்னால் என்னத்தைக் கொண்டுபோய் வைப்பது? செத்த ஆமையையா? 'அம்மாவுக்கு ஆமைகள் பிடிக்காது' என்று எழுதிய பிள்ளை, 'அம்மா ஆமையைக் கொன்றாள்' என்று எழுத எவ்வளவு நேரம் செல்லும்?

இந்த வீட்டில் ஆமைக்கு வைத்தியம் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் கிணற்றடியில் கறுப்பனின் தொட்டியைத் தேங்காய்த் தும்பினால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அறைக்கும் கிணற்றடிக்கும் இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடக்கச் சிவக்கொழுந்துக்குக் கால் மணித்தியாலம் சென்றது. இரண்டு தரம் பாதி வழியில் திரும்பிக் குசினிக்குள் போனாள். ஒருதரம் பாயாசத்துக்கு ஊறவைத்த சவ்வரிசியைத் தேவையில்லாமல் கிளறினாள்.

"மீனா."

"என்ன மச்சாள்?"

"உரும்பிராயிலை எங்கடை சின்னம்மாவின்ரை மகள் இருக்கிறாளெல்லோ."

"எந்தச் சின்னம்மா?"

"உமக்குத் தெரியாத சின்னம்மா. அவளும் ஒரு ஆமை வளர்க்கிறாள். இப்ப அது சரிஞ்சு மிதக்குதாம்."

மீனாம்பிகை தும்பும் கையுமாக நிமிர்ந்தாள். "தலையைத் தூக்குதோ?"

"இல்லை." பிறகு நினைவு வந்து, "இல்லையாம்" என்றாள்.

"என்ன சாப்பாடு குடுத்தவையாம்?"

"சோறும் கீரையும். தொடேல்லை."

"கால் எப்பிடி? விரல் விரலா நகம் இருக்கோ?"

"கால் எங்கை இருக்கு மீனா? நாலு பக்கமும் அகப்பை மாதிரி ஒண்டெல்லோ இருக்கு."

மீனாம்பிகை கொஞ்ச நேரம் மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தும்பைக் கீழே போட்டாள்.

"அது உரும்பிராயிலை இல்லை. எங்கை வைச்சிருக்கிறியள்?"

சிவக்கொழுந்து இடுப்பிலிருந்த திறப்பைத் தொட்டாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

அறைக்குள் போன மீனாம்பிகை பேசினைக் குனிந்து பார்த்தாள். சேறு, செங்கல், கீரை. பின்வளவில் தான் மருமகளுக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பேசினுக்குள் கிடந்தது. யன்னலுக்குப் பின்னால் யார் நின்று கேட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கவேண்டும். சிவக்கொழுந்து அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். மீனாம்பிகை சிரிக்கவில்லை.

"இது பேராமைக் குஞ்சு மச்சாள். கடலுக்குள்ளை சீவிக்கிறது. எத்தினை நாளா நல்ல தண்ணியிலை கிடக்கு?"

"புதன்கிழமை தொட்டு."

"உப்புத் தண்ணி வேணும். இப்பவே வேணும்."

"அடுப்படியிலை உப்பு இருக்கு."

"கறி உப்பைக் கரைச்சு ஊத்த எனக்குத் துணிவில்லை. நான் கைதடிப் பாலத்தடிக்குப் போட்டு வாறன். அங்கை கடல்தண்ணி நிக்கும். நான் வருமட்டும் உந்தப் பேசினிலை விடாதேங்கோ. வெளியிலை எடுத்து ஈரச் சீலையிலை வைச்சு நிழலிலை வைச்சிருங்கோ. மூக்கை மூடிப்போடாதேங்கோ."

"பிழைக்குமோ?"

"தெரியாது. கடல் ஆமையைப் பற்றிப் புத்தகத்திலை வாசிச்சதுதான். நான் வளர்த்ததில்லை."

சைக்கிள் கரியரில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை, நன்றாகக் கழுவி, கயிற்றால் கட்டிக்கொண்டு போனாள். நன்றாகக் கழுவினாள் என்பதைக்கூடச் சிவக்கொழுந்து கவனித்தாள். அவசரத்திலும் பிழைவிடாத ஒருத்தியோடு எப்படித்தான் ஒரு வீட்டில் இருப்பது?

வீட்டில் அவளும் ஆமையும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஈரச் சீலையில் ஆமையை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அவள் மனதில் ஒரு நினைப்பு வந்தது. நல்ல நினைப்பில்லை, ஆனாலும் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இது பிழைத்தால் மீனாம்பிகை பிழைக்கவைத்த ஆமை. மலருக்கு அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதுதான் உண்மை. செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. சின்னம்மாவின் மகளும் இல்லை, ஆமையும் இல்லை. மீனாம்பிகை வாய்விட்டுச் சொல்கிறவளும் இல்லை. பிறந்தநாள் பாயாசத்தோடு முடிந்துவிடும்.

எழுந்து கிணற்றடிக்குப் போனாள். கட்டுக்கு மேலால் குனிந்து பார்த்தாள். தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. கையை விட்டால் போதும்.

ஆமை அவள் உள்ளங்கையில் ஒருதரம் மூச்சு விட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து பெரிய ஆட்கள் விடுகிறமாதிரி ஒரு நீளமான மூச்சு வந்தது. சிவக்கொழுந்து கையை மார்போடு இழுத்துக்கொண்டாள். செத்த பிராணி கிடந்தால் குடிதண்ணீர் கெட்டுவிடும், அதற்காகத்தான் திரும்புகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சீலை காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தாள். நாலு தரம் நனைத்தாள். ஐந்தாந்தரம் நனைக்கும்போது சைக்கிள் மணி கேட்டது.

மீனாம்பிகைக்கு முழங்கால்வரை சேலை நனைந்து சேறு பட்டிருந்தது. இரண்டு பேருமாகப் பேசினைக் கழுவி, சேற்றையும் கல்லையும் எறிந்துவிட்டு, கடல்தண்ணீரை ஊற்றி ஆமையை விட்டார்கள். கொஞ்ச நேரம் அது விட்ட இடத்திலேயே கிடந்தது. பத்துமணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. பிறகு ஒரு அகப்பை அசைந்தது. மற்ற அகப்பையும் அசைந்தது. தலை மேலே வந்தது.

"மச்சாள், பாருங்கோ."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள் சிவக்கொழுந்து. அந்த நிமிஷம் அவளுக்கு உண்மையான சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நெடுநேரம் நிற்கவில்லை. பாலாமைக்கு வைத்திருந்த மீனில் ஒரு சின்னத் துண்டை மீனாம்பிகை நீட்ட, ஆமை வாயைத் திறந்து கவ்விற்று. மூன்று நாள் தன் கையால் கொடுத்த எதையும் தொடாத ஆமை, அவள் கையிலிருந்து முதல் துண்டையே வாங்கிக்கொண்டது. பிள்ளையும் இப்படித்தானே போனது என்று சிவக்கொழுந்து நினைத்தாள்.

"மலரிட்டை என்ன சொல்லப்போறீர்?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

"நான் ஆமையைச் சாக்காட்டப் பாத்த கதையை."

"நீங்கள் பிள்ளைக்கெண்டு ஆசையா வாங்கி வைச்சனீங்கள். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மீனாம்பிகை சேலை மாற்றப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குத் தகப்பனும் மகளும் திருநீறும் பூவுமாக வந்தார்கள். மலர் வழக்கத்தைவிடத் துள்ளிக்கொண்டு வந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், தகப்பன் பார்த்ததும் மூடிக்கொண்டாள். புதுச் சட்டைக் குதூகலம் என்று சிவக்கொழுந்து நினைத்தாள். சாப்பாடு முடிந்தது. பாயாசக் குவளை காலியானதும் மீனாம்பிகைதான் ஆரம்பித்தாள்.

"மலர், அம்மா உனக்கு ஒண்டு வைச்சிருக்கிறா. போய்ப் பார்."

பேசினைக் கண்டதும் பிள்ளை மூச்சுவிடாமல் நின்றாள். பிறகு திரும்பினாள். தாயிடமல்ல.

"மாமி, இது என்ன ஆமை? இதுக்குக் காலில்லையோ மாமி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? இது அம்மாவின்ரை ஆமை. அம்மாவைக் கேள்."

மலர் தாயை நிமிர்ந்து பார்த்தாள். நம்பிக்கையில்லாத பார்வைதான், ஆனாலும் தாயைப் பார்த்த பார்வை.

"இது கடல் ஆமை" என்றாள் சிவக்கொழுந்து. "பேராமைக் குஞ்சு. இதுக்கு உப்புத் தண்ணி வேணும். கல் வைக்கக்கூடாது, சேறு போடக்கூடாது, கீரை தின்னாது. சின்ன மீன் துண்டாக் குடுக்கவேணும். உது காலில்லை, நீந்துற துடுப்பு."

அன்று காலையில் படித்த பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தாள்.

"உங்களுக்கு ஆமையளைப் பற்றித் தெரியுமோ அம்மா?"

"தெரியும்."

பிள்ளை ஓடிவந்து இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. சிவக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மகளின் தோளுக்கு மேலால் மீனாம்பிகை தெரிந்தாள். யாரையும் பார்க்காமல் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொறாமை அந்த இடத்தில் குறைந்திருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். குறையவில்லை, கூடிற்று. கழுத்தைச் சுற்றிக் கிடந்த இரண்டு சின்னக் கைகளும் மீனாம்பிகை தூக்கிக் கொடுத்தவை. பறித்தவளிடமிருந்து திருப்பிப் பறிக்கலாம். கொடுத்தவளை என்ன செய்வது? வாங்கிக்கொண்டு நன்றியோடு இருக்கவேண்டும். அந்த நன்றி சிவக்கொழுந்துக்குப் பாகற்காயாகக் கசந்தது.

"இதை நாங்கள் வளர்ப்பம் அம்மா. மாமி தண்ணி கொண்டுவந்து தருவா."

சிவக்கொழுந்து யோசித்தாள். தினம் தினம் கைதடியிலிருந்து சைக்கிளில் தண்ணீர் வரும். தினம் தினம் மீனாம்பிகை குனிந்து பார்ப்பாள், பிள்ளையும் பக்கத்தில் குனிவாள். ஒரு கிழமையில் இந்த ஆமையும் மாமியின் ஆமையாகிவிடும்.

"இல்லைப் பிள்ளை. இது பேசினுக்குள்ளை சீவிக்கிற சீவனில்லை. பின்னேரம் கொண்டுபோய்க் கடலிலை விடுவம்."

"நல்லது மச்சாள்" என்றாள் மீனாம்பிகை. அவள் கண்ணில் மதிப்பு இருந்தது. அதற்குரிய தகுதி தனக்கில்லை என்பது சிவக்கொழுந்துக்குத் தெரியும். சரியான காரியத்தைப் பிழையான காரணத்துக்காகச் செய்தாலும் ஆமைக்கு ஒன்றுதானே என்று விட்டுவிட்டாள்.

மலர் கொஞ்சம் அழுதாள். பிறகு தானே விடவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

நாலு மணிக்குத் தில்லைநாதன் பக்கத்து வளவுச் சோமசேகரத்தாரின் ஏ-போட்டி காரை வாடகைக்குப் பிடித்துவந்தார். பேசின் சிவக்கொழுந்தின் மடியில். பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டு பேசினுக்குக் காவலிருந்தாள். மற்றப் பக்கத்தில் மீனாம்பிகை. காங்கேசன்துறையில் தில்லைநாதன் வேலை செய்யும் சீமெந்துத் தொழிற்சாலையின் புகை தெரிந்தது. துறைமுகத்துக்குக் கிழக்கே, வள்ளங்கள் இல்லாத ஒரு மணல் துண்டில் காரை நிறுத்தினார்கள்.

மலர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சிவக்கொழுந்தும் கூட இறங்கி ஆமையை அவள் கையில் வைத்தாள். அலை வந்தது. பிள்ளை கையை விரித்தாள். பேசினுக்குள் தடுமாறிக்கொண்டிருந்த ஆமை, கடலில் இறங்கியதும் நாலு துடுப்பையும் ஒருதரம் அடித்தது. அடுத்த அலைக்குள் அதைக் காணவில்லை.

"திரும்பி வருமோ அம்மா?"

சிவக்கொழுந்துக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மீனாம்பிகையைப் பார்த்தாள். "நீர் சொல்லும்" என்றாள். அன்றைக்கு அவள் மனமறிந்து விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

"எத்தினையோ வருஷம் கழிச்சும் தான் பிறந்த கரையைத் தேடி வருமெண்டு எழுதியிருக்கு" என்றாள் மீனாம்பிகை. "அதுவரைக்கும் தூரத்திலைதான் வளரும்."

மலர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாயின் கையைப் பிடித்து ஆட்டினாள். ஆறுதல் சொல்லும் பெரிய மனுஷி மாதிரி அவள் முகம் இருந்தது.

"நான் அவ்வளவு நாள் எடுக்கமாட்டன் அம்மா. நான் ஒவ்வொரு லீவுக்கும் வருவன்."

"எங்கையிருந்து பிள்ளை?"

"கண்டியிலையிருந்து. மாமிக்குக் கண்டியிலை பெரிய பள்ளிக்கூடம் கிடைச்சிருக்கெல்லோ. தை மாதம் மாமி போகேக்கை நானும் போய் அங்கை படிக்கப்போறன். இண்டைக்குக் கோயிலிலை அப்பா சொன்னவர்." அப்போதுதான் பிள்ளைக்கு நினைவு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாமெண்டும் சொன்னவர்."

சிவக்கொழுந்து முதலில் மீனாம்பிகையைத்தான் பார்த்தாள். மூன்று மாதப் பழக்கம், கண் அங்கேதான் போகும். கேட்கவேண்டியதெல்லாம் வாயில் வந்து நின்றது. ஆனால் மீனாம்பிகை அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, மச்சாளோடை கதைச்சுப்போட்டன், அவவுக்குப் பூரண சம்மதம் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்."

தில்லைநாதன் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். தட்டி முடிந்த இடத்தையே மறுபடி தட்டினார்.

"பிள்ளையின்ரை படிப்புக்காக…" என்று தொடங்கினார்.

பின்வளவில் மகளைக் கூப்பிட்ட குரல் மட்டும் சிவக்கொழுந்துக்குக் கேட்டிருந்தது. கூடத்தில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டு, வாய் திறக்காமல், தன்னை ஒரு சொல் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவரை அவள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. மீனாம்பிகை மேலிருந்த எரிச்சல் இதனால் ஆறிவிடவில்லை. பிள்ளை போக ஆசைப்படுகிறாள் என்பது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இப்போது முன்னால் வந்து நின்றது.

ஈரமான சேலைக் கரையைப் பிழிந்துவிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் போய்க் காருக்குள்ளை இருங்கோ" என்று கணவரிடம் சொன்னாள்.

"இஞ்சேரும், நான் சொல்லுறதைக் கொஞ்சம்…"

"நீங்கள் இவ்வளவு நாளும் சொல்லேல்லைத்தானே. இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாமல் இருங்கோ. பிள்ளை என்னோடை நிக்கட்டும்." பிறகு திரும்பினாள். "மீனா, நீரும் நில்லும். உம்மோடை நான் கதைக்கவேணும்."